மொட்டைமாடியில் ராத்திரி விட்டில் பார்க்க என்ன விளக்கு, எந்தத் துணி?

மாடிவீட்டுக்காரன்:
தாம்பரம் பக்கம் நாலு மாடி அபார்ட்மென்ட். லீவு ஞாயிறு மட்டும்தான். மலையேற்றம், கேம்பிங் எதுவும் இப்போதைக்கு நடக்காது. 9, 12 வயசில் இரண்டு வாண்டுகள், ராத்திரியில் ஏதாவது தேடிப் போகணும் என்று ஒரே நச்சரிப்பு. வெள்ளைத் துணி கட்டி விளக்கு போட்டால் விதவிதமான அந்துப்பூச்சி, அதாவது விட்டில், வரும் என்கிறார்கள். சாதா எல்இடி பல்புக்குக் கொசு மாதிரிதான் ஏதோ வருகிறது. என்ன விளக்கு, எந்த மாசம், எத்தனை மணி? பசங்களுக்குக் கடி, அலர்ஜி வருமா?

இரவாடி:
கோளாறு பல்பில்தான் சார். சாதா எல்இடியில் புற ஊதாக் கதிர் (யுவி) கிட்டத்தட்ட கிடையாது. விட்டில்களை இழுப்பது அதுதான். 365 நானோமீட்டர் என்று போட்ட யுவி எல்இடி வாங்குங்கள். ரூபாய் நோட்டு பார்க்க விற்கும் ஊதா டார்ச் பெரும்பாலும் 395. அதுவும் வேலை செய்யும், ஆனால் மந்தம். ஆராய்ச்சிக்காரர்கள் 160 வாட் மெர்க்குரி பல்பு போடுவார்கள். பசங்கள் இருக்கும் இடத்துக்கு அது வேண்டாம். கொதிக்கிற கண்ணாடியில் ஒரு சொட்டு மழை பட்டாலே வெடிக்கலாம்.

துணிக்குப் பழைய நாலு முழ வேட்டி போதும். பருத்தியாக இருக்கணும், வழுவழுப்பான பாலியஸ்டரில் பூச்சிக்குக் கால் பிடிக்காது. கொடியில் தொங்கவிட்டு, கீழ் ஓரத்தைத் தரையிலும் ஒரு முழம் விரித்துச் செங்கல் வையுங்கள். பாதி விட்டில்கள் துணியில் ஏறாமல் கீழேயே உட்காரும். விளக்கு துணிக்கு ஒரு அடி முன்னால், இடுப்பு உயரத்தில். பவர் பேங்கில் ஓடும் விளக்கு என்றால் ஈரத் தரையில் ஒயர் இழுக்கும் வம்பு இல்லை. யுவி விளக்கை நேராகப் பார்க்க விடாதீர்கள்.

நாள் பார்ப்பதுதான் முக்கியம். அமாவாசையை ஒட்டி, காற்றில்லாமல், மேகம் மூடிப் புழுக்கமாக இருக்கும் ராத்திரி அருமை. பௌர்ணமியில் வரத்து குறையும். நம் பக்கம் ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை, மழை விட்ட மறுநாள். 7 மணிக்குச் சின்னச் சின்னது வரும். பெரிய பருந்து விட்டில்கள் (ஹாக் மாத்) பல நேரம் 10 மணிக்கு மேல்தான். தெருவிளக்கு நேராக அடிக்கும் பக்கத்தை விட்டு, மரம் இருக்கும் பக்கம் பார்த்துக் கட்டுங்கள்.

மழைக்குப் பின் ஈசல் கிளம்பினால் துணியே தெரியாது. விளக்கை அரை மணி நேரம் அணைத்து வையுங்கள், இறக்கையை உதிர்த்துவிட்டு அடங்கிவிடும். பல்லியும் துணி ஓரத்தில் வரிசை கட்டும். ஒன்றிரண்டு என்றால் விடுங்கள், அதற்கும் ராத்திரிச் சாப்பாடு வேண்டாமா?

அப்புறம், நீங்கள் பார்த்தது பெரும்பாலும் கொசுவே இல்லை, கொசு ஜாடையில் இருக்கும் கடிக்காத ஈ. கடிக்கிற கொசு தேடி வருவது நம் மூச்சுக்காற்றையும் உடம்புச் சூட்டையும்.

கீதாக்கா:
அலர்ஜி பற்றி யாரும் சொல்லவில்லையே. விட்டில் கடிக்காது தம்பி. துணிக்கு வரும் மற்றதுகளில்தான் கவனம். எறும்பை இழுத்து நீட்டினாற்போல், ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாக, ஆரஞ்சும் கறுப்பும் மாறி மாறி இருக்கும் வண்டு ஒன்று மழைக்காலத்தில் விளக்குக்கு வரும். அது கடிக்காது, கொட்டாது. தோலில் வைத்து நசுக்கினால் உள்ளிருக்கும் நஞ்சு பட்டு மறுநாள் தீக்காயம் மாதிரி கோடாகக் கொப்பளிக்கும். மேலே உட்கார்ந்தால் ஊதித் தள்ளணும். நசுங்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவணும், அந்தக் கையால் கண்ணைத் தொடக்கூடாது. பசங்களுக்கு முழுக்கைச் சட்டை, காதை மூடி ஒரு துண்டு. மஞ்சளாக, பஞ்சு மாதிரி மயிரோடு இருக்கும் விட்டில்களைத் தொட வேண்டாம், சிலருக்கு அரிக்கும்.

முடித்ததும் விளக்கை அணைத்து, துணியை மெல்ல உதறிவிட்டுப் போங்கள். அப்படியே விட்டால் விடியற்காலை காக்காயும் மைனாவும் ஒன்று விடாமல் பொறுக்கிவிடும். ஒரே இடத்தில் தினமும் போடாதீர்கள், வாரம் ஒரு நாள் போதும். விளக்கைச் சுற்றுகிற நேரத்தில் அவை இரை தேடுவதும் இல்லை, முட்டையிடுவதும் இல்லை.

மாடிவீட்டுக்காரன்:
நன்றி சார், நன்றி அக்கா. அசோசியேஷனில் மாடி விளக்குக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு வழி உண்டா?

பாகுக்காரர்:
விளக்கே வேண்டாம். கால் கிலோ வெல்லம், தோல் கறுத்த வாழைப்பழம் இரண்டு, அரை டம்ளர் தண்ணீர். வெல்லத்தைக் கரைத்து நன்றாக ஆறியதும் பழத்தைப் பிசைந்து, ஒரு சிட்டிகை ஈஸ்ட் போட்டு இரண்டு நாள் புளிக்க விடுங்கள். சூடாக இருக்கும்போது ஈஸ்ட் போட்டால் செத்துப்போகும். மூடியை இறுக்கினால் பாட்டில் வெடிக்கும், துணி கட்டினால் போதும். கள் வாசனை வந்ததும், இருட்டுவதற்கு முன் கீழே வேம்பு, புங்கமரத்தில் நெஞ்சு உயரத்துக்கு ஒரு சாண் அகலம் பூசுங்கள். அரை மணிக்கொரு தரம் சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச்சோடு பசங்களை அனுப்பலாம். வெள்ளை டார்ச் பட்டால் பறந்துவிடும். சிறகில் ஆந்தைக்கண் மாதிரி வட்டம் போட்ட பெரிய பழுப்பு விட்டில் விளக்கை விட இதற்குத்தான் நன்றாக வரும். எறும்பு மொய்த்தால் மரத்தில் பூசாமல், பருத்திக் கயிற்றைப் பாகில் ஊறவைத்துக் கிளையிலிருந்து தொங்கவிடுங்கள். கட்டுகிற இடத்தில் கொஞ்சம் கிரீஸ்.

பகலிலும் வேலை இருக்கிறது. வாசலில் நந்தியாவட்டையோ அரளியோ இருந்தால் இலையைப் பார்க்காதீர்கள், தரையைப் பாருங்கள். மிளகு அளவில், வரி வரியான கரும்பச்சைப் புழுக்கை கிடந்தால் நேர் மேலே பருந்து விட்டிலின் புழு இருக்கும். பச்சை உடம்பு, வாலில் சின்னக் கொம்பு, முன்பக்கம் இரண்டு நீலக் கண்புள்ளி. புழு பழுப்பாகிக் கீழே இறங்கினால் கூட்டுப்புழு ஆகப் போகிறது என்று அர்த்தம். மூன்று அங்குல மண்ணும் சருகும் போட்ட டப்பாவில் விட்டு, வலை கட்டி, ஏறி நிற்க ஒரு குச்சி சாய்த்து வையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் பச்சையும் இளஞ்சிவப்புமாக விட்டில் வெளிவரும். குச்சி இல்லாவிட்டால் தலைகீழாகத் தொங்க இடமில்லாமல் சிறகு சுருங்கிப்போகும். அரளி இலையைத் தொட்ட பிறகு பசங்கள் கை கழுவணும், பால் நஞ்சு.

இரவாடி:
ஜூலை கடைசியில் உலகம் முழுக்க அந்துப்பூச்சி வாரம் வரும், 2012லிருந்து நடக்கிறது. பெயர் தெரியாவிட்டால் படத்தை ஐநேச்சுரலிஸ்ட் ஆப்பில் போடுங்கள், பார்ப்பவர்கள் பெயர் சொல்வார்கள். மேலிருந்து நேராக, பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து எடுக்கணும். போன் டார்ச் மேல் டிஷ்யூ ஒரு மடிப்பு ஒட்டினால் சிறகில் பளபளப்பு அடிக்காது.