குறைபாடா, மெலிவா, தேய்வா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

டயாலிசிஸ் நோயாளிகளின் உடல் கரைவதை, அதாவது ஆங்கிலத்தில் 'protein-energy wasting' என்பதை, தமிழில் 'ஊட்டச்சத்துக் குறைபாடு' என்றே எழுதிவிடலாம் என்று நம் குழுவில் ஐயா ஒருவர் முந்தைய மடலில் சொல்லியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. காரணம் எங்கள் வீட்டிலேயே இருக்கிறது.

கோத்தகிரியில் இருக்கும் என் மாமா வாரம் மூன்று நாள் மேட்டுப்பாளையம் இறங்கி, நாலு மணி நேரம் டயாலிசிஸ் செய்துகொண்டு மறுபடி மலையேறுகிறார். 'சத்துக் குறைபாடு' என்று காதில் விழுந்ததும் அத்தை மறுநாளே ஆரஞ்சுச் சாறு, வாழைப்பழம், தோட்டத்து உருளைக்கிழங்கு என்று எடுத்து வைத்துவிட்டார். குறை என்றால் நிரப்பத்தானே தோன்றும்! மூன்றிலும் பொட்டாசியம் ஏராளம். சிறுநீரகம் நின்றவருக்கு இதயத் துடிப்பையே குலைத்துவிடும். இப்போது கிழங்கை நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்துக் கொட்டிவிட்டுத்தான் பொரியல், அதுவும் எப்போதாவது. முட்டை வெள்ளைக்கரு மட்டும் தினமும்.

இது வெறும் சாப்பாட்டுக் குறையும் அல்ல. ஒவ்வொரு டயாலிசிஸிலும் சில கிராம் அமினோ அமிலம் வெளியேறுகிறது. அழற்சியும் ரத்தத்தில் ஏறும் அமிலத்தன்மையும் சேர்ந்து தசையை உடைக்கின்றன. அதனால்தான் பன்னாட்டுச் சிறுநீரக ஊட்டச்சத்துச் சங்கத்தின் வல்லுநர் குழு 2008இல் இதற்கு 'protein-energy wasting' என்று தனிப்பெயரே வைத்தது. ரத்தத்தில் இருக்கும் ஆல்புமின் என்ற புரதம் 100 மில்லிலிட்டருக்கு 3.8 கிராமுக்குக் கீழே போவது அதன் அடையாளங்களில் ஒன்று. ஆல்புமின் இறங்க இறங்க இறப்பு அபாயமும் ஏறுகிறது.

'மெலிவு' சரியா? அது கண்ணுக்குத் தெரிவது. மாமாவின் எடை மாதக்கணக்கில் மாறவே இல்லை. தசை போன இடத்தை நீர் பிடித்திருந்தது. உப்பிய முகத்தைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர், "உடம்பு தேறிட்டீங்க" என்றார். கைக்கடிகாரம் மட்டும் முழங்கைப் பக்கம் வழுக்கிக்கொண்டிருந்தது.

காசநோய்க்கு 'எலும்புருக்கி' என்று நம் முன்னோர் வைத்த பெயர் அழகுதான். ஆனால் 'தசையுருக்கி' என்றால் கேட்பவர் அதே நோய் என்று பயந்துவிடுவார். 'தசைத்தேய்வு' பரம்பரைத் தசைநோயோடு குழம்பும்.

ஆகவே கட்டுரைக்குப் 'புரத ஆற்றல் தேய்வு', பேச்சுக்கு 'உள்தேய்வு'. அத்தையிடம் சொல்லிப் பார்த்தேன். "தேயுதா? எதனால தேயுதுன்னு டாக்டரைக் கேட்டியா?" என்றார்.

'புரத', 'ஆற்றல்' இரண்டுக்கும் நடுவே கோடு போடலாமா, வேண்டாமா? எனக்கு வேண்டாம் என்றே படுகிறது.