கோயம்புத்தூர் சரவணம்பட்டி மேல்மாடி வீடு, உப்புத் தண்ணி, 20,000 ரூபாய்: எந்த வாஷிங் மெஷின் வாங்கலாம்?

பால்கனித்தோட்டம்:

வாடகை வீடு, முதல் மாடி. எங்களுக்கு மேல மொட்டை மாடிதான், 1000 லிட்டர் டேங்க் அங்க இருக்கு. நல்ல தண்ணி சமையலுக்கும் குடிக்கவும்தான் ஆகும். மத்த எல்லாத்துக்கும் போர் தண்ணி. குழாய் வாயில வெள்ளை வெள்ளையா உப்பு படியும். வீட்டுல 4 பேர், அதுல 2 வயசுக் குழந்தை ஒண்ணு. மெஷின் வைக்க பின்பக்கப் பால்கனியில இடம் இருக்கு. அங்க ஒரு குழாய், ஒரு 6 ஆம்ப் பிளக் பாயிண்ட்.

பட்ஜெட் 20,000. ரொம்ப அவசியம்னா 25,000 வரை போகலாம். கடையில 8 கிலோ ஃப்ரண்ட் லோடு (முன்பக்கக் கதவு வழியாத் துணி போடுறது), ஸ்டீம் வாஷ், 10 வருஷ வாரண்டின்னு அழுத்திச் சொல்றாங்க. 7, 8 வருஷமாவது பெரிய செலவு வைக்காம ஓடணும். எதைப் பார்த்து முடிவு பண்றதுங்க?

ஸ்பேனர்செட்:

மாடலைக் கொஞ்சம் தள்ளி வைங்க. முதல்ல தண்ணியை அளக்கணும், அப்புறம் அழுத்தத்தை அளக்கணும். எந்த வகை மெஷின்னு அந்த ரெண்டுமே சொல்லிடும்.

டிடிஎஸ் மீட்டர் இதுக்குப் போதாது. அது தண்ணியில கரைஞ்ச எல்லா உப்பையும் சேர்த்துக் காட்டும். மெஷினைக் கெடுக்கிறது கால்சியமும் மெக்னீசியமும், அதாவது கடினத்தன்மை. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துல கட்டணம் கட்டிக் கொடுத்தா அந்த எண் தனியா வரும். குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500 லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கும், வேற வழியே இல்லைன்னா 600 வரை அனுமதிக்கும். அந்த 600-ஐ ஒட்டி இருந்தாலே ஹீட்டர் உள்ள மெஷின் கஷ்டம்தான்.

காரணம் இது. தண்ணி சூடாகும்போதுதான் சுண்ணாம்பு பிரிஞ்சு ஹீட்டர் கம்பி மேல ஓடு மாதிரி படியும். ஓடு தடிச்சா சூடு தண்ணிக்குப் போகாம கம்பிக்குள்ளேயே நிக்கும், கம்பி வெடிக்கும், கசிவு மின்சாரம் வரும், வீட்டு ஆர்சிசிபி (கசிவு வந்தா மின்சாரத்தைத் துண்டிக்கிற சுவிட்ச்) டிரிப் ஆகும். இதைவிடப் பெரிய செலவு ஸ்பைடர். ஃப்ரண்ட் லோடு டிரம்முக்குப் பின்னால மூணு கையோட ஒரு அலுமினியக் கலவைத் தாங்கி இருக்கும். டிரம் ஸ்டீல், தாங்கி அலுமினியம், ரெண்டுக்கும் நடுவுல சோப்புக் காரமும் உப்புத் தண்ணியும். அது மாவு மாதிரி அரிச்சுக்கிட்டே போயி ஒரு நாள் ஒரு கை உடையும். ஸ்பின் ஓடும்போது லாரி போற சத்தம் கேட்டா பேரிங்கோடு சேர்த்து இதையும் பார்க்கச் சொல்லணும். சில மாடல்ல வெளி டப்பை, அதாவது டிரம்மைச் சுத்தி இருக்கிற தொட்டியை, ஒட்டியே மூடியிருப்பாங்க. அதுல பேரிங் மட்டும் தனியா மாத்த முடியாது, முழு டப் வாங்கணும். கடையில விலை கேட்கிறதுக்கு முன்னாடி, "டப் போல்ட் போட்டதா, ஒட்டினதா?"ன்னு சர்வீஸ் ஆளைக் கேளுங்க.

அடுத்து அழுத்தம். 1 மீட்டர் உயர வித்தியாசத்துக்கு ஏறக்குறைய 0.1 பார் (பார்ங்கிறது அழுத்தத்தோட அளவு). உங்களுக்கு டேங்க் நேர் மேல இருக்கிறதால குழாய்க்கும் தண்ணி மட்டத்துக்கும் 3 மீட்டர் கிடைச்சாலே அதிகம், அதாவது 0.3 பார். நிறைய மெஷினுக்கு அதுதான் கீழ் எல்லை. டேங்க் பாதியானா அதுக்கும் கீழ போயிடும். அழுத்தம் குறைஞ்சா, தண்ணியை உள்ள விடுற இன்லெட் வால்வு மெதுவா நிரப்பும், "தண்ணி வரலை"ன்னு எரர் காட்டி நிக்கும். பலருக்குத் தெரியாதது என்னன்னா, அந்த வால்வு சரியா மூடவும் அழுத்தம் வேணும். இல்லைன்னா மெஷின் ஆஃப்ல இருக்கும்போதே டிரம்முக்குள்ள சொட்டிக்கிட்டே இருக்கும்.

10 வருஷ வாரண்டி பெரும்பாலும் மோட்டாருக்கு மட்டும். மோட்டார் அவ்வளவு சீக்கிரம் போறதில்லை, மெஷினை இயக்குற எலக்ட்ரானிக் போர்டுதான் போகும். அந்த போர்டுக்கு 2 வருஷமா, 5 வருஷமான்னு அட்டையில தேடிப் படிங்க.

உங்க நிலைமைக்கு 7 கிலோ டாப் லோடு (மேல மூடி வழியாத் துணி போடுறது), ஹீட்டர் இல்லாதது. 16,000 முதல் 20,000-க்குள்ள வரும்.

ரெண்டுடப்:

வாடகை வீடு, உப்புத் தண்ணி, அழுத்தம் குறைவு. இந்த மூணும் சேர்ந்தா செமி ஆட்டோமேட்டிக்தான் (துவைக்க ஒரு டப், பிழிய ஒரு டப்) என் பதில். 7 கிலோ 9,000 முதல் 12,000. இன்லெட் வால்வே கிடையாது, வாளியில ஊத்தினாலும் ஓடும். போர்டு கிடையாது. கெட்டுப்போறது டைமர், கெப்பாசிட்டர், பெல்ட், ஸ்பின் பக்கத்து ரப்பர் சீல், அவ்வளவுதான். கெப்பாசிட்டர் போனா மோட்டார் உறுமும், ஆனா சுத்தாது. கையால தள்ளிவிட்டா சுத்த ஆரம்பிக்கும். அப்படி இருந்தா மோட்டார் எரிஞ்சதுன்னு சொல்றவரை நம்பாதீங்க.

ஒரே ஒரு விஷயத்துல கவனம். ஸ்பின் டப் அடியில ஈரம் தெரிஞ்சா அந்த வாரமே சீல் மாத்திடுங்க. அது சின்னச் செலவு. விட்டா தண்ணி மோட்டார் மேல இறங்கி, சீல் செலவு மோட்டார் செலவாயிடும். கடைசி அலசலுக்கு ரெண்டு வாளி நல்ல தண்ணி ஊத்திக்கிட்டா துணி விறைப்பில்லாம இருக்கும்.

ஆனா பக்கத்துலயே நின்னு துணியை மாத்தணும். சின்னக் குழந்தை இருக்கிற வீட்டுல அந்த நேரம் கிடைக்குமான்னு நீங்கதான் சொல்லணும்.

முன்கதவு:

ஸ்பேனர்செட் சொன்னது சரி, ஆனா ஃப்ரண்ட் லோடை ஒரேயடியா ஒதுக்க வேண்டாம். ஹீட்டரைப் போடாம பச்சைத் தண்ணியில ஓட்டினா சுண்ணாம்பு படிவு வெகுவாக் குறையும். தண்ணிச் செலவும் பாதி. 7 கிலோ டாப் லோடு ஒரு தடவைக்கு 100 முதல் 150 லிட்டர் குடிக்கும், ஃப்ரண்ட் லோடு 50 முதல் 70. லாரித் தண்ணி வாங்குற வீட்டுக்கு இது பெரிய கணக்கு. துணி தேய்மானமும் குறைவு.

ஆனா உங்க பால்கனிக்கு ஒத்து வராது. ஹீட்டர் 2000 வாட் இழுக்கும், 6 ஆம்ப் பிளக்ல போடவே கூடாது. 16 ஆம்ப் பாயிண்டுக்கு மெயின்ல இருந்து தனி ஒயர் இழுக்கணும், அழுத்தத்துக்கு பூஸ்டர் பம்ப் வைக்கணும். வாடகை வீட்டுல இவ்வளவையும் செஞ்சு 28,000 மெஷினை வைக்கச் சொல்ல எனக்கு மனசு வரலை.

பால்கனித்தோட்டம்:

எல்லாருக்கும் நன்றிங்க. அளந்து பார்த்தாச்சு. கடினத்தன்மை 620. டேங்க் நிறைஞ்சிருக்கும்போது 15 லிட்டர் வாளி நிறைய 2 நிமிஷம் 40 விநாடி, காலியாகப் போற நேரத்துல 4 நிமிஷம். பக்கத்துல நின்னு பார்த்துக்க நேரம் இல்லை, அதனால செமி வேண்டாம். இன்னொரு சிக்கல்: தண்ணி போற ஓட்டை தரையோட இல்லை, 10 செ.மீ. திட்டுக்கு மேல இருக்கு. ஸ்பேனர்செட் அண்ணா, டாப் லோடு வச்சா சரியா வருமா? குழாயில ஒரு சாஃப்ட்னர் (கடினத்தன்மையைக் குறைக்கிற கருவி) மாட்டிட்டா போதும்னும் ஒருத்தர் சொன்னாரு.

ஸ்பேனர்செட்:

திட்டைச் சொன்னது நல்லதாப் போச்சு. பெரும்பாலான டாப் லோடுல வடிகால் பம்ப் கிடையாது. வால்வு திறக்கும், தண்ணி தானா இறங்கும். ஹோஸ் எங்கயாவது மேல ஏறினா தண்ணி உள்ளயே நிக்கும், மெஷின் ஸ்பின்னுக்குப் போகாது. மெஷினை 15 செ.மீ. உயர்த்துங்க. கனமான இரும்பு ஸ்டாண்டு நாலு காலோட வாங்குங்க. சக்கரம் வச்சது வேண்டாம், ஸ்பின்ல நடக்க ஆரம்பிச்சிடும். இல்லைன்னா பம்ப் உள்ள டாப் லோடுன்னு கேட்டு வாங்குங்க.

தண்ணி வேகம் நிறைஞ்ச டேங்குல நிமிஷத்துக்கு 5.6 லிட்டர், காலி டேங்குல 3.75. ஒரு தடவை 45 லிட்டர் நிரப்ப 8 நிமிஷம், மோசமான நேரத்துல 12. எரர் வரலாம். அதனால குறைஞ்ச அழுத்தத்துக்கான வால்வு உள்ள மாடலாப் பாருங்க. மோட்டார் போட்டு டேங்க் நிறைஞ்ச பிறகு துவைங்க. துவைச்சு முடிச்சதும் குழாயை மூடிடுங்க.

சாஃப்ட்னர் கணக்கைப் பாருங்க. 5 லிட்டர் ரெசின் (கடினத்தைப் பிடிக்கிற சின்னச் சின்ன மணிகள்) உள்ளது மொத்தம் 200 முதல் 250 கிராம் கடினத்தைப் பிடிக்கும். உங்க தண்ணியில லிட்டருக்கு 0.62 கிராம். அப்போ 320 முதல் 400 லிட்டர்தான், அதாவது ஏறக்குறைய மூணு துவையல். அப்புறம் 600 முதல் 750 கிராம் கல் உப்பை 6, 7 லிட்டர் தண்ணியில கரைச்சு மெதுவா ரெசின் வழியா விட்டு, பிறகு நல்லா அலசணும். வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல இந்த வேலை. அதோட சாஃப்ட்னர் அழுத்தத்தையும் குறைக்கும், உங்ககிட்ட இருக்கிறதே கொஞ்சம். வேண்டாம். உருண்டை உருண்டையா பாஸ்பேட் போட்ட சின்ன ஃபில்டரை விக்கிறாங்களே, அது கடினத்தைக் குறைக்காது, படியாம ஓரளவு தடுக்கும். அவ்வளவுதான்.

அதுக்குப் பதிலா 2 மாசத்துக்கு ஒரு தடவை சிட்ரிக் ஆசிட் 200 கிராம். ஹீட்டர் இல்லாததால ஒரு வாளி சுடுதண்ணி தனியாப் போட்டு ஊத்துங்க, கொதிக்கிற தண்ணி வேண்டாம். துணி போடாம நடு மட்டம் வரை நிரப்பி, ஆசிடைக் கரைச்சு 10 நிமிஷம் ஓட்டி நிறுத்துங்க. ஒரு மணி நேரம் ஊறட்டும், அப்புறம் முழுசா ஓட்டி முடிங்க. முதல் தடவை பல்சேட்டர் (டிரம் அடியில சுத்துற தட்டு) அடியில இருந்து வெள்ளைச் செதில் மிதந்து வரும், பயப்படாதீங்க. ப்ளீச்சிங் பவுடர் எதையும் இதோட சேர்க்கவே கூடாது, விஷ வாயு வரும்.

வாங்கும்போது: டிரம் ஸ்டீலா இருக்கட்டும். பட்டன் பலகை மூடிக்குப் பின்னால இருக்கிறதா எடுங்க. முன்னால இருந்தா ஈரத் துணி எடுக்கும்போதெல்லாம் அது மேல சொட்டும். போர்டை பிசின் மாதிரி ஒண்ணை ஊத்தி மூடியிருக்கிறதால பழுது பார்க்க முடியாம புதுசுதான் மாத்துவாங்க. அடியில எலி வலை இருக்கான்னு குனிஞ்சு பாருங்க, பால்கனிக்கு அது முக்கியம். பிராண்ட்ல அதிகம் குழம்ப வேண்டாம். சாம்சங் ஸ்ரீபெரும்புதூர்ல தயாரிக்குது, வேர்ல்பூல் புதுச்சேரியில. ஆனா தொழிற்சாலை பக்கம்ங்கறதால பார்ட்ஸ் உடனே வந்துடாது. நீங்க எடுக்கப் போற மாடலுக்கு போர்டும் டிரெயின் மோட்டாரும் (வடிகால் வால்வைத் திறக்கிறது) கோயம்புத்தூர் சர்வீஸ் சென்டர்ல இருப்புல இருக்கான்னு போன் போட்டுக் கேளுங்க. ரெண்டு நாள்ல கிடைக்கும்னு சொல்ற பிராண்டை எடுங்க.

மாட்ட வர்றவர் போறதுக்கு முன்னாடி, மூடி மேல ஒரு டம்ளர் தண்ணி வச்சு மட்டம் பாருங்க, நாலு காலும் ஆடாம நிக்கணும். பிளக்ல எர்த் இருக்கான்னு டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க. இன்லெட் ஹோஸ் மெஷின்ல சேர்ற இடத்துல சின்ன வலை ஒண்ணு இருக்கும், அதை எப்படிக் கழட்டுறதுன்னு கேட்டு வச்சுக்குங்க. போர் மணல் அதுலதான் அடைக்கும், மாசம் ஒரு தடவை பழைய டூத் பிரஷ்ஷால தேய்ச்சு மாட்டிடுங்க.