40 நிமிட மௌன வழிபாடு: ஏடிஹெச்டி பிள்ளைகளுக்கு என்ன மாற்றம் செய்யலாம்?

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவினரின் பள்ளி, ஆறாம் வகுப்பு. 14 பேரில் 8 பேருக்கு டிஸ்லெக்சியா (வாசிப்பு, எழுத்துச் சிரமம்), 5 பேருக்கு ஏடிஹெச்டி (கவனக்குறைவு, மிகை இயக்கக் கோளாறு). வியாழன்தோறும் பிற்பகல் 2 மணிக்கு மௌன வழிபாடு. போதகர் கிடையாது, பாட்டு கிடையாது. உள்ளே உந்துதல் வந்தவர் எழுந்து பேசலாம்.

செப்டம்பரிலிருந்து இதே சிக்கல்தான். 12-ஆம் நிமிடம் வாக்கில் கால் ஆட்டம் தொடங்கும், மர பெஞ்ச் கிரீச்சிடும். பெஞ்சுகள் எதிரெதிரே இருப்பதால் ஒருவர் அசைந்தால் எல்லோர் கண்ணும் அங்கேதான். காலையில் போட்ட மாத்திரையின் வேகமும் அந்நேரம் குறைந்துவிடுகிறது. முழுப் பள்ளியும் கூடுவதால் நேரத்தை மாற்ற வழியில்லை.

20 நிமிடமாகக் குறைத்தோம். அசைவு குறைந்தது, ஆனால் சொல் தேடிக் கோக்க நேரம் வேண்டிய டிஸ்லெக்சியா பிள்ளைகள் எழுவதற்குள், நிறைவுக்கு அடையாளமான கைகுலுக்கலோடு வழிபாடு முடிந்துவிடுகிறது. அதனால் மறுபடி 40. மௌனத்தில் யோசிக்கத் தரும் கேள்வியைப் பலகையில் எழுதாமல் இருமுறை வாசித்தோம், அது நன்றாகவே உதவியது. அழுத்தும் பந்து சத்தம் போட்டது. கம்பளி நூல் பின்னல் பரவாயில்லை, 10 நிமிடம் கூடுதலாகத் தாங்குகிறது. தனி அறைக்கு அனுப்பியதை இரண்டே வாரத்தில் நிறுத்திவிட்டோம். ஒவ்வொருவரிலும் உள்ள இறையம்சத்துக்குப் பதில் தரச் சொல்லி 1656-இல் குவேக்கர் இயக்கத்தைத் தொடங்கிய ஜார்ஜ் ஃபாக்ஸ் எழுதினார். அதை நம்பும் பள்ளி ஒரு பிள்ளையைக் கதவுக்கு வெளியே உட்கார வைக்கக் கூடாது.

அதே அறைக்குள், மற்றவர் மௌனம் கலையாமல், எழுந்து நடமாட இடம் எப்படி அமைப்பது?