டாலி விளக்குகளுக்கு முகவரி கொடுத்த அனுபவம்: மறக்க முடியாத ஒன்றைச் சொல்லுங்கள்

பாளை ஒயர்மேன்

பாளையங்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபம். மறுநாள் முகூர்த்தம். மாடி லைனில் 58 டிரைவர்கள். டாலி என்பது ஒரே கட்டுப்பாட்டு ஒயரில் பல விளக்குகளைச் சேர்த்து, ஒவ்வொன்றையும் தனி எண்ணால் இயக்கும் முறை; அந்த எண்தான் முகவரி, விளக்குக்கு மின்சாரம் கொடுத்து வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டிதான் டிரைவர். முகவரி கொடுத்து, குழு பிரித்து, மணமேடைக்கு ஒரு வெளிச்சம், பந்திக்கு ஒரு வெளிச்சம் என்று எல்லாவற்றையும் பதினைந்து நாளைக்கு முன்பே முடித்துக் கொடுத்திருந்தேன். இடையில் மணமேடைக்கு மேலே ஒரு டிரைவர் போய்விட்டது. மண்டபத்து எலக்ட்ரீஷியன் கீழ்த்தளத்து லைனிலிருந்து ஒன்றைக் கழற்றி அங்கே மாட்டிவிட்டார். என்னிடம் சொல்லவில்லை.

நான் போனபோது கணக்கு 57 என்று காட்டியது. 41-ஐக் காணவில்லை. முகவரி இல்லாத டிரைவர் ஏதாவது இருக்கிறதா என்று தேடினால் ஒன்றும் இல்லை. ஒயர் மேல் சந்தேகப்பட்டு, ஏணி போட்டு, ஃபால்ஸ் சீலிங்குக்குள் தலையை நுழைத்து டெர்மினல்களை எல்லாம் இறுக்கினேன். மணி இரண்டு. வேறு வழியில்லாமல் ஒவ்வொரு எண்ணாகச் சிமிட்டவைத்துப் பார்க்கத் தொடங்கினேன்.

பந்திக்கூடத்தில் நின்று 23-ஐ அழுத்தினேன். தூணுக்குப் பக்கத்து விளக்கு சிமிட்டியது. அதன் இடம் அதுதான். அடுத்த எண்ணுக்கு விரல் போகும் நேரம், மணமேடையில் கட்டிவைத்த வாழை மரங்களுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருந்த வாட்ச்மேன் பெரியவர் எழுந்து உட்கார்ந்து, "தம்பி, இங்கேயும் ஒன்று விட்டு விட்டு எரிகிறது, கண்ணை மூட முடியவில்லை" என்றார்.

கீழ்த்தளத்தில் இருந்தபோது கொடுத்த 23-ஐ அந்த டிரைவர் அப்படியே தன்னோடு கொண்டுவந்திருக்கிறது. பந்திக்கூடத்து 23-க்கு மின்சாரத்தை நிறுத்திவிட்டு, மேடைக்கு மேலே இருந்ததன் எண்ணை அழித்து 41 கொடுத்தேன். அதற்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்தப் பெரியவர் வேறு பக்கம் திரும்பிப் படுத்திருந்தால் விடியும்வரை சீலிங்குக்குள்தான் கிடந்திருப்பேன்.

சந்திப்புக்காரன்

2023 டிசம்பர் வெள்ளம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த மழை. திருநெல்வேலி சந்திப்புப் பகுதியில் ஒரு ஜவுளிக்கடை. தண்ணீர் வடிந்த பிறகு போனேன். தரைத்தளத்துப் பேனலும், விளக்குகளுக்குக் கட்டளை அனுப்பும் கன்ட்ரோலரும் சேற்றில் குளித்திருந்தன. மேல் இரண்டு தளத்து விளக்குகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. முகவரி கன்ட்ரோலரில் இல்லை, டிரைவருக்குள்ளேயே பதிந்திருக்கிறது. அதனால் எண்கள் எல்லாம் மேலே பத்திரமாக இருந்தன. எந்த எண் எந்த இடத்து விளக்கு என்ற குறிப்பு மட்டும் போய்விட்டது.

அதையும் முதலாளி ஒரு நோட்டில் எழுதிவைத்திருந்தார். கல்லாப்பெட்டிக்கு அடியில் கிடந்து ஊறிப்போயிருந்தது. அவருடைய மனைவி அதைத் தொட விடவில்லை. இரும்பு ஸ்கேலின் ஓரத்தை நுழைத்து ஒவ்வொரு தாளாக அவரே பிரித்தார். நடுவில் பழைய புடவைத் துண்டுகளை வைத்து, மாடியில் ஃபேனுக்குக் கீழே விரித்து, இரண்டு நாள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் காலையில் அதை என் கையில் கொடுத்து, "எல்லா நம்பரும் தெரிகிறது, பாருங்கள் அண்ணாச்சி" என்றார். தெரிந்தது.

முந்தின நாள் மாலையிலேயே புது கன்ட்ரோலர் வந்திருந்தது. என்னோடு வந்த பையன், இருப்பதை அப்படியே படித்துக்கொள் என்பதற்குப் பதிலாகப் புதிய நிறுவல் என்பதை அழுத்திவிட்டான். எல்லா டிரைவரும் பழைய எண்ணை விட்டுவிட்டுப் புது எண் வாங்கிக்கொண்டன. நான் பக்கத்தில் நின்று பார்க்கவில்லை. அந்த அம்மா நோட்டை நீட்டும்போது எனக்கு அது தெரியும். வாங்கிக்கொண்டு "சரிம்மா" என்றேன். அதற்குமேல் வாய் வரவில்லை.

குற்றாலம் சாரல்

பாளை ஒயர்மேன் சொல்வது எனக்கு ஒத்துவரவில்லை. ஒரே எண்ணில் இரண்டு டிரைவர் இருந்தால் பதில்கள் மோதிக்கொள்ளும், மென்பொருள் பிழை காட்டியே தீரும். இரண்டு மணிவரை தேடியிருக்க வேண்டியதில்லை. தானியங்கி முகவரியில் ஒவ்வொரு டிரைவரும் 24 பிட்டில் ஒரு தற்செயல் எண்ணைப் போட்டுக்கொள்கிறது. ஒரு கோடியே அறுபத்தேழு லட்சத்துக்கும் மேல் வாய்ப்புகள். இரண்டு ஒன்றாக வருவது நடக்கிற காரியமா?

பாளை ஒயர்மேன்

நான் எழுதியதைப் படித்துவிட்டுச் சொல்லுங்கள் ஐயா. அது தற்செயல் எண்ணில் வந்த மோதல் இல்லை, பழைய எண்ணோடு வந்த டிரைவர். முகவரி இல்லாதவற்றை மட்டும் தேடு என்றால் அது வாய் திறக்காது, அதற்குத்தான் எண் இருக்கிறதே. மோதலைப் பற்றிச் சொன்னீர்கள். இருக்கிறாயா என்று கேட்டால் இரண்டுமே சொல்வது ஒரே 'ஆம்'. ஒன்றின் மேல் ஒன்று விழுந்தாலும் கேட்கிற பெட்டிக்கு அது ஆம்தான். வேறு கேள்விகளுக்குக் குழப்பம் காட்டலாம். என் பெட்டி காட்டவில்லை.

வள்ளியூர் மின்பணி

ஒரு மருத்துவமனையில் நள்ளிரவில் டாலி ஒயர் எங்கோ அறுந்து, வார்டு முழுவதும் விளக்குகள் முழு வெளிச்சத்துக்கு ஏறிவிட்டன. அறுவை முடிந்து படுத்திருந்த ஒருவர் துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான் என் கதை. லைனில் மின்னழுத்தம் போனால் டிரைவர் எந்த வெளிச்சத்துக்குப் போக வேண்டும் என்பதை அதிலேயே எழுதிவைக்கலாம். எழுதாவிட்டால் ஆலையிலிருந்து வரும்போதே நூறு சதவீதம். முகவரி கொடுக்கும் அன்றே அதையும் மாற்றிவிடுங்கள்.

இன்னும் சில சொல்கிறேன். ஒரு லைனுக்கு 64 முகவரி என்பதற்காக 64-ஐயும் நிரப்பாதீர்கள், நாளைக்கு ஒரு விளக்கு கூட்டச் சொல்வார்கள். லைனுக்கு மின்சாரம் அதிகபட்சம் 250 மில்லி ஆம்பியர், டிரைவர் ஒன்றுக்கு 2. சென்சார்கள் அதைவிட அதிகம் இழுக்கும், அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 300 மீட்டரைத் தாண்டாதீர்கள். வெறும் 16 வோல்ட்தானே என்று டாலி ஒயரைக் கையால் பிடிக்காதீர்கள். 230 வோல்ட்டிலிருந்து அதற்கு அடிப்படைக் காப்பு மட்டுமே உண்டு, தொடுவதற்குப் பாதுகாப்பான ஒயர் அல்ல. என் உதவியாளர்களுக்கு இதை முதல் நாளே சொல்லிவிடுவேன். வேறு இடத்தில் ஓடிய டிரைவரைக் கொண்டுவந்தால், லைனில் சேர்ப்பதற்கு முன் தனியாக வைத்து முகவரியை அழித்துவிடுங்கள். எண்ணை ஸ்கெட்ச் பேனாவால் டிரைவர் மேலேயே பெரிதாக எழுதுங்கள். வரைபடத்தின் நகல் ஒன்று பேனல் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்க வேண்டும்.

நூலகத்து அக்கா

நாங்குநேரிப் பக்கம் ஒரு கல்லூரி நூலகம். வரைபடத்தில் விளக்குகள் 1 முதல் 48. மென்பொருளில் முகவரிகள் 0 முதல் 47. ஜன்னலோரப் பன்னிரண்டு விளக்குகளை ஒரு குழுவாக்கி, வெயில் ஏற ஏற மங்கும்படி சென்சாரோடு சேர்த்தேன். வரைபடத்தைப் பார்த்து 1 முதல் 12 என்று போட்டேன். சோதித்தபோது மாலை, எல்லாம் முழு வெளிச்சத்தில் எரிந்தன. கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பல வாரம் கழித்து வேறு வேலையாகப் போனபோது ஒரு மாணவி, "அக்கா, வெயில் ஏறினால் இந்த மேசை மட்டும் இருட்டிவிடுகிறது" என்றாள். ஜன்னலிலிருந்து தள்ளி, அலமாரிகளுக்கு நடுவே இருந்த மேசை. பதினொரு மணிக்கு நானே உட்கார்ந்து பார்த்தேன். தலைக்கு மேலே பதின்மூன்றாவது விளக்கு மெல்ல மெல்ல மங்கியது. வெயில் விழுகிற ஜன்னலுக்கு நேரே முதல் விளக்கு முழுவதுமாக எரிந்துகொண்டிருந்தது. தினமும் அந்த நேரத்துக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவாளாம். விளக்கில் கோளாறு என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை, தன் கண்ணில்தான் ஏதோ என்று நினைத்திருக்கிறாள். கண் மருத்துவரைப் பார்க்கப் பாளையங்கோட்டைக்குப் போய்வந்திருக்கிறாள். அந்த பஸ் டிக்கெட் காசு என் கணக்கில் எழுத வேண்டியது.

சந்திப்புக்காரன்

வள்ளியூர் அண்ணாச்சி சொன்ன ஸ்கெட்ச் பேனா மட்டும் வேண்டாம். அந்த நோட்டில் 'முதல் தளம்', 'பட்டுப் பிரிவு' என்று முதலாளி நீல ஸ்கெட்ச் பேனாவில் எழுதிய தலைப்புகள் எல்லாம் கரைந்து பக்கம் முழுக்கப் படர்ந்திருந்தன. அவருடைய மகள் பென்சிலில் கட்டம் போட்டு எழுதிய எண்கள்தான் அப்படியே இருந்தன. புதிதாகச் சிமிட்டவைத்து எடுத்த எண்களை அதே கட்டங்களில், பழைய எண்ணுக்குப் பக்கத்தில், அவளையே பென்சிலால் எழுதச் சொன்னேன். மாலை ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடித்தோம். நான் எண்ணைச் சொல்லச் சொல்ல, அந்த அம்மா எந்த விளக்கு என்று கையைக் காட்டினார்.