லினக்ஸ் நிறுவியபின் விண்டோஸ் கடிகாரம் பின்தங்குகிறது, டி டிரைவிலும் எழுத முடியவில்லை

ஆத்தங்குடிக் கல்:
எங்கள் கல் பட்டறை மடிக்கணினியில் விண்டோஸ் 11 இருந்தது. பூ டிசைன் வரைய இங்க்ஸ்கேப் வேண்டுமென்று பக்கத்திலேயே லினக்ஸ் மின்ட் நிறுவினேன். லினக்ஸில் வரைந்துவிட்டு விண்டோஸுக்குத் திரும்பினால், காலை பத்து மணியை நாலரை என்று காட்டுகிறது. பில்லிலும் அதே நேரம்தான் விழுகிறது. "விடிவதற்குள் கல் வாங்க வந்தது யார்?" என்று அப்பா கேட்கிறார். லினக்ஸில் டி டிரைவைத் திறந்து படிக்க முடிகிறது, எதையும் சேமிக்க முடியவில்லை. காரைக்குடியில் ஒரு கடையில் மதர்போர்டு பேட்டரி போய்விட்டது என்றார்கள். மாற்றிவிடலாமா அண்ணே?

தேவகோட்டைக்காரன்:
இங்க்ஸ்கேப் விண்டோஸிலேயே ஓடும் தம்பி, அது கிடக்கட்டும். பேட்டரி பாவம், அதை விட்டுவிடுங்கள். அது செத்திருந்தால் தேதியே சில வருடம் பின்னால் போய் நிற்கும். அளந்துவைத்தாற்போல் ஐந்தரை மணி குறையாது. உலகப் பொது நேரத்துக்கும் நம் நேரத்துக்கும் உள்ள வித்தியாசம் அது. மதர்போர்டு கடிகாரத்தில் லினக்ஸ் பொது நேரத்தை எழுதுகிறது. விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. லினக்ஸும் உள்ளூர் நேரத்தையே எழுதும்படி, அதன் டெர்மினலில் (கட்டளை தட்டும் சாளரம்) 'சுடோ டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1' கொடுங்கள், ஆங்கில எழுத்தில்தான். கோடைக்கும் குளிருக்கும் கடிகாரத்தை மாற்றும் நாடுகளில் இந்த ஏற்பாடு சிக்கல் தரும். நமக்கு அந்த வம்பு கிடையாது. பிறகு விண்டோஸில் நேரத்தை ஒருமுறை இணையத்தோடு ஒத்திசையுங்கள்.

கண்டனூர்:
டி டிரைவுக்கு லினக்ஸில் என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் என்ற பழுதுபார்க்கும் கட்டளையை ஓட்டினால் உடனே எழுதலாம்.

தேவகோட்டைக்காரன்:
பில் கணக்கு இருக்கும் டிரைவில் அதை ஓட்டச் சொல்லாதீர்கள்! விண்டோஸ் பாதியில் வைத்திருக்கும் ஜர்னலை, அதாவது எழுதும் வேலைகளின் குறிப்பேட்டை, அது துடைத்துவிடும். எழுதி முடிக்காத கோப்பு போனால் போனதுதான். விண்டோஸ் சீக்கிரம் திறக்க உதவும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி இயங்கினால் 'ஷட் டவுன்' கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை, அரைத்தூக்கத்தில் கிடக்கும். டிரைவை அது இன்னும் கையில் பிடித்திருப்பதால்தான் லினக்ஸ் எழுத மறுக்கிறது. மறுத்தது நல்லதுதான். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கத்தில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுத்துவிடுங்கள். அவசரமென்றால் 'ஷட் டவுனு'க்குப் பதில் 'ரீஸ்டார்ட்' கொடுத்து லினக்ஸுக்கு வாருங்கள், அப்போது முழுதாக அணையும்.

ஆத்தங்குடிக் கல்:
இரண்டும் சரியாகிவிட்டன அண்ணே. டிசைன் கோப்பு டி டிரைவில் ஏறிவிட்டது, பில்லிலும் பகல் நேரம் வருகிறது.

தேவகோட்டைக்காரன்:
விண்டோஸுக்குப் பெரிய அப்டேட் வந்தால் அந்த டிக்கை ஒருமுறை எட்டிப் பாருங்கள். சில சமயம் தானாகவே திரும்ப விழுந்துவிடும்.