சிலேயைக் கவிழ்த்தவர்கள் ஜனநாயகம் பேசலாமா?

கரிசல்காட்டான்:
அமெரிக்காதான் உலகத்துக்கு ஜனநாயகம் கற்றுக்கொடுத்தது என்கிறீர்கள், நடுக்கடல். தென் அமெரிக்க நாடான சிலேயில் 1970இல் இடதுசாரித் தலைவர் அயெந்தே தேர்தலில் நின்று, அதிக ஓட்டு வாங்கி, அந்நாட்டு நாடாளுமன்றமும் ஒப்புக்கொண்டு அதிபரானவர். அவர் பதவியேற்கும் முன்பே, செப்டம்பர் 15 அன்று, அமெரிக்க அதிபர் நிக்சன் தன் நாட்டு உளவு அமைப்பான சிஐஏவின் தலைவர் ஹெல்ம்ஸைக் கூப்பிட்டுப் பேசினார். ஹெல்ம்ஸ் கைப்பட எழுதிய குறிப்பு இன்றும் இருக்கிறது: சிலேயின் பொருளாதாரத்தை அலற விட வேண்டுமாம். அடுத்த மாதமே, ராணுவம் அரசியலில் தலையிடக் கூடாது என்று உறுதியாக நின்ற சிலே ராணுவத் தளபதி ஷ்னைடரை, சிஐஏ தொடர்பில் இருந்த சதிகாரர்கள் கடத்தப் போய்ச் சுட்டார்கள். 1973 செப்டம்பர் 11இல் ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தபோது அதிபர் மாளிகை மேலேயே குண்டு விழுந்தது. அயெந்தேயின் மூக்குக்கண்ணாடி தலைநகர் சாந்தியாகோவின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, உடைந்து பாதிதான் மிச்சம். அப்புறம் ஆட்சியைப் பிடித்த ராணுவத் தளபதி பினோசேயின் காலத்தில் 3,000 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமல் போனார்கள்.

நடுக்கடல்:
குண்டு போட்டது சிலேயின் சொந்த விமானப்படை. லாரிக்காரர்கள் வேலைநிறுத்தம், தாறுமாறான விலைவாசி, அந்த ஆகஸ்டில் சிலே நாடாளுமன்றக் கீழவையே அயெந்தே அரசு சட்டத்தை மீறுகிறது என்று போட்ட தீர்மானம், எல்லாவற்றையும் வாஷிங்டன் தலையில் கட்டாதீர்கள். சிஐஏ செய்தது உங்களுக்கு எப்படித் தெரியும்? 1975இல் அமெரிக்க செனட்டில் சர்ச் என்ற உறுப்பினர் தலைமையில் இருந்த குழு விசாரித்து வெளியிட்டதால்தான். 1968இல் செக்கோஸ்லோவாக்கியத் தலைநகர் பிராகாவுக்குள் டாங்கி விட்ட சோவியத்தில் அப்படி ஒரு விசாரணை நடந்ததா?

கரிசல்காட்டான்:
சிலேயின் எதிர்க்கட்சிகளுக்கும் எல் மெர்குரியோ நாளிதழுக்கும் சிஐஏ பணம் போனதும் அதே அறிக்கையில்தான் இருக்கிறது, நண்பரே. விசாரித்தார்கள், சரி. தண்டனை? அமெரிக்க நாடாளுமன்றத்திடம் உண்மையை மறைத்ததற்காக 1977இல் ஹெல்ம்ஸுக்கு 2,000 டாலர் அபராதம். சிறைத் தண்டனையை நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

வைகறை:
அமெரிக்காவிலேயே தெற்கு மாநிலங்களில் கறுப்பின மக்களை ஓட்டுப் போட விடாமல் தடுத்தார்கள். அங்கே செல்மா என்ற ஊரில் அடி வாங்கி ஊர்வலம் போன பிறகுதான் அவர்களின் ஓட்டுரிமையைக் காக்கும் 1965 சட்டம் வந்தது. அவர்களுக்காவது தங்கள் அரசை நேருக்கு நேர் கேட்க வழி இருந்தது. சிலேக்காரருக்கு நிக்சனைத் தோற்கடிக்க ஓட்டு ஏது?

நடுக்கடல்:
ஹெல்ம்ஸ் விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம், அந்தத் தண்டனை போதாது. ஆனால் 1988ஐ விட்டுவிட்டீர்கள். பினோசே நீடிக்கலாமா என்ற வாக்கெடுப்பில், ராத்திரி நேரத்தில் கிடைத்த 15 நிமிட டிவி நேரத்தை வைத்தே 'வேண்டாம்' அணி 56% வாங்கி ஜெயித்தது. அந்த அணிக்கு அமெரிக்கப் பணமும் போனது.

வைகறை:
போனது. ஆனால் 15 வருடம் கழித்து.