ஹோமர், சாஃபோ காயின் சேர்க்கணும், எதுல ஆரம்பிக்கலாம்?

ஏடுபிரியன்:
வணக்கம். ஹோமர் காவியம், சாஃபோ கவிதை, கிரேக்க நாடகம்லாம் ரொம்ப வருஷமா படிக்கிறேன், இப்ப அந்த எழுத்தாளர்கள் முகம் இருக்கற காசுகளை மட்டும் சேர்க்கலாம்னு ஆசை. ஆன்லைன்ல பார்த்தா ஒரு வெள்ளி ஹோமர், பெட்டி சர்டிபிகேட்டோட சூப்பரா இருக்கு, ஆனா அதுல எந்த நாட்டுப் பேரும் இல்ல, எத்தனை ரூபாயோ யூரோவோ ஒண்ணுமே போடல. இது காயின்தானா?

பழையகாசு:
அது மெடல்ங்க. இந்தக் காலத்துல ஒரு நாடு தன் பேர்ல வெளியிட்டாத்தான் காயின், பெரும்பாலும் முகமதிப்பும் போட்டிருக்கும். மெடல் பிடிச்சா வாங்குங்க, ஆனா காயின்னு நினைச்சு விலை கொடுக்காதீங்க. கிரீஸ் நாடே எஸ்கிலஸ், சோபோக்ளிஸ், யூரிபிடிஸ்னு பழைய நாடக ஆசிரியர்கள் மூணு பேருக்கும் வெள்ளியில 10 யூரோ போட்டிருக்கு. அது கிரீஸ்ல மட்டும்தான் செல்லும். 2013ல தத்துவஞானி பிளேட்டோவோட பள்ளியான அகாடமி தொடங்கி 2400 வருஷம் ஆனதுக்கு வந்த 2 யூரோ, யூரோ புழங்கற எல்லா நாட்டுலயும் செல்லும்.

திராக்மாரசிகை:
நானா இருந்தா, யூரோவுக்கு முன்னாடி கிரீஸ்ல இருந்த பணமான திராக்மாவுல, அந்த 50 திராக்மா ஹோமர்லதான் ஆரம்பிப்பேன். நினைவு நாணயம் இல்லதான், 1986ல இருந்து யூரோ வர்ற வரைக்கும் ஜனங்க கையில புழங்கின சில்லறை, ஆனா அதனாலயே எனக்கு உசத்தி. ஒரு பக்கம் ஹோமர், திருப்பினா பழங்காலக் கப்பல். என்கிட்ட இருக்கறதுல தாடிச் சுருளெல்லாம் தேஞ்சு வழவழன்னு ஆயிடுச்சு, கண்ணுக் குழியில மட்டும் அழுக்கு கறுப்பா நிக்குது, பார்வை இல்லாத கவின்னு சொல்லுவாங்களே, அந்த முகத்துல அதைப் பார்க்கறப்போ என்னமோ பண்ணும். அதை நான் கழுவவே மாட்டேன்.

பழையகாசு:
ஏடுபிரியன், சாஃபோ கேட்டீங்கள்ல, அவங்களுக்கு அந்தக் காலத்துலயே காசு இருக்கு! லெஸ்போஸ் தீவுல மிட்டிலீன் ஊர்க்காரங்க ரோமர் காலத்துல சாஃபோ முகத்தை வெண்கலக் காசுல அடிச்சாங்க. ஹோமரை ஸ்மிர்னா, கியோஸ், இயோஸ் மூணு ஊருமே எங்க ஆளுன்னு சொல்லி காசு போட்டாங்க, ஸ்மிர்னா வெண்கலக் காசுக்குப் பேரே ஹோமரியோன்னு அந்தக் காலத்து புவியியல் எழுத்தாளர் ஸ்ட்ராபோ எழுதியிருக்காரு. ஆனா பழசுல போலி ஜாஸ்தி, விளிம்புல உருக்கி வார்த்த கோடு தெரியுதான்னு பாருங்க, எங்கிருந்து வந்ததுன்னு பேப்பர் இல்லாததை தொடவே தொடாதீங்க.

வெள்ளித்தட்டு:
ப்ரூஃப், அதாவது சேகரிக்கறவங்களுக்குன்னு கண்ணாடி மாதிரி பளபளன்னு அடிச்ச காசு வாங்கினா, அது வர்ற பிளாஸ்டிக் கேப்சூலை விட்டு எடுக்காதீங்க. நான் ஒரு தடவை கைரேகை பட்டுச்சேன்னு மெத்துன்னு இருக்கற துணியால லேசா ஒரு துடைதான் துடைச்சேன், கண்ணாடி மாதிரி இருந்த இடம் பூரா மெல்லிசு கீறல், இன்னிக்கும் வெளிச்சத்துல சாய்ச்சா மனசு வலிக்கும். பிவிசி கவரும் வேணாம், வெள்ளியில பச்சையா பிசுபிசுன்னு ஒட்டிக்கும்.

ஏடுபிரியன்:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். மெடல் வேணாம்னு விட்டுட்டேன். முதல்ல அந்த 50 திராக்மாதான், அதுவும் நல்லா தேஞ்சதா பார்த்து.